குண்டா, நெட்டையா?

டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி விற்கும் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சக பாவிகளுக்கு இது புதிதாக இருக்காது. பிரிஞ்சாங் என்ற மலையூரில் காய்கறிக் கடைகளுக்கு நடுவே என் கடை. இன்றைக்குப் போட்டியில் இருப்பவை இரண்டு பெட்டிகள். கம்பெனிப் பெயர் வேண்டாம், வம்பு வரும். ஒன்று உயரமாக நிற்கும், அது நெட்டை. மற்றது செங்கல் மாதிரி இருக்கும், அது குண்டு. எதற்குப் பவர் அதிகம் என்பதுதான் இந்த மலையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. பதிலை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எத்தனை டன் இழுக்கும்?

திரிங்காப்பில் முட்டைக்கோஸ் போடும் மணியம் அண்ணன் மகனுக்குப் பெட்டி வாங்க வந்தார். இரண்டையும் லாரி வாங்குகிறவர் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயர் இல்லாததால் தட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். "இதுல எது நல்லா இழுக்கும்?" என்றார்.

நானும் வெட்கமில்லாமல் பொறுமையாக விளக்கினேன். பவரை டெராஃப்ளாப் என்று அளப்பார்கள், ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடுகிறது என்பதுதான் அது, குண்டுக்குப் பன்னிரண்டு, நெட்டைக்குப் பத்து, ஆனால் கேமைத் திறக்கிற வேகத்தில் நெட்டை முந்தும், ஆகவே டிவியில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்றேன். தொண்டை வறண்டுவிட்டது. அண்ணன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்: "கணக்குப் போடறதுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய பெட்டி, கைபோன்லயே கல்குலேட்டர் இருக்குலா?"

ஆறிப்போன பெட்டி

இந்தக் குளிரில் எது சூடு தந்தாலும் அதற்கு மரியாதை. அது எனக்கும் தெரியும். அதற்காக தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் சரசு அக்கா செய்ததை மன்னிக்க முடியாது. போன மாதம் வாங்கிய நெட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெட்டி ஓடுகிறதா என்றால் ஓடுகிறது. படம் நடுவில் நின்றுபோகிறதா என்றால் இல்லை. பின் என்ன குறை?

பக்கத்து வீட்டில் பழைய பெட்டி ஒன்று இருக்கிறதாம். அதன் பின்னால் ஈரக் காலுறையைப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடுகிறதாம். இவருடையதில் இரண்டு நாளாகியும் காயவில்லை. திருப்பிப் பார்த்தேன். காற்று போகும் துளைகளில் கம்பளிப் பஞ்சு அடைத்துக் கிடந்தது. அக்கா, சூடாகாமல் ஓடுவதுதான் நல்ல பெட்டிக்கு அடையாளம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சூடே வராததுக்குப் பவர் எங்கேருந்து வரும், பவர் கம்மியானதா பாத்து என் தலையில கட்டிட்டே!"

அண்ணன் இல்லையா?

என் வீட்டுக்காரர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிறார். கேம் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் கடைக்குள் வருகிற ஆண்களில் பாதிப் பேர் என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்து அவரைத்தான் தேடுவார்கள்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி ரத்தினமும் அப்படித்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டுப் பிள்ளைகளுக்காக மண்டபத்தில் ஒரு பெட்டி வைக்கத் தொழிலாளர் சங்கம் முடிவு செய்திருந்தது. நல்ல காரியம். மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் போக வேறு இடமில்லை. இதையாவது உருப்படியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை. மண்டபத்தில் ஏற்கெனவே பழைய பெட்டி ஒன்று இருந்து செத்துப்போனது. அதன் டிஸ்க்குகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. நெட்டை அதே கம்பெனியுடையது, அந்த டிஸ்க்குகளை ஏற்கும். நான் விற்கும் குண்டில் டிஸ்க் போட வழியே இல்லை, எல்லாம் இண்டர்நெட்டில் இறக்க வேண்டும். லயனில் இண்டர்நெட் எப்படி ஊர்ந்து வரும் என்பது கிராணிக்குத் தெரியாததா? ஆகவே பவரை விடுங்கள், நெட்டையை வாங்குங்கள் என்றேன். பொறுமையாகத் தலையாட்டினார். போகும்போது வாசலில் நின்று, "சரிம்மா, எதுக்கும் அண்ணன் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

கொழுந்துத் தராசு

மேல் லயன் பையன்கள் நெட்டைக் கட்சி, கீழ் லயன் குண்டுக் கட்சி. சண்டை முற்றியதால் இரண்டையும் மண்டபத்துக்கே கொண்டுவரச் சொன்னார்கள். கொட்டும் மழையில் கொண்டுபோனேன். ஒரே கேமை இரண்டிலும் ஓட்டிக் காட்டினேன். அந்தப் பழைய டிவியில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியவில்லை. டிஸ்க் விஷயத்தை எல்லோர் முன்னாலும் மூன்று முறை கத்திச் சொன்னேன்.

அப்போது வேலையை மேற்பார்க்கும் கங்காணி முனியாண்டி எழுந்து போய்க் கொழுந்து நிறுக்கும் தராசைத் தூக்கி வந்தார். வாழ்நாள் முழுக்க எடையை வைத்தே வேலையை அளந்தவர்கள், பெட்டியையும் நிறுத்துவிட்டார்கள்! எனக்கு ரத்தம் கொதித்தது. குண்டுதான் கனம். உடனே மேல் லயன் பையன் ஒருவன், மழையில் வந்த சரக்கு, தண்ணீருக்குக் கழிக்க வேண்டும் என்று ஆட்சேபித்தான். ஈரக் கொழுந்துக்கு அப்படிக் கழிப்பதுதான் வழக்கம். இதை ஒருவர்கூடச் சிரிக்காமல் விவாதித்தார்கள். கடைசியில் கங்காணி தீர்ப்புச் சொன்னார்: "தண்ணிக்கு அரைக் கிலோ கழிச்சாலும் குண்டுதான் ஜெயிக்குது, தங்கச்சி. தராசு பொய் சொல்லாதுலா."

பெர்சென்ட்

தராசு சொன்னபடி குண்டையே வாங்கி வைத்தார்கள். மறு வாரம் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். அலமாரியில் டிஸ்க்குகள் அடுக்கியபடி இருந்தன. வெளியே அடைமழை. ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து, கேம் இறங்குகிற பெர்சென்ட் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி கண்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள். காலையிலிருந்து அப்படித்தான் இருக்கிறாளாம். குண்டை நானே தூக்கிக்கொண்டேன், நெட்டையை அனுப்புகிறேன் என்றேன். கதவைத் திறந்துவிட்ட கிராணி என்னைக் கோபமாகப் பார்த்தார்: "கடை வச்சிருக்கீங்க, டிஸ்க் போட முடியாதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

இத்தனை வருஷத்தில் நான் கண்டதெல்லாம், எந்த மட்டமான பெட்டியும் நான் பட்டனை அழுத்தினால் சொன்னதைக் கேட்கும், வாடிக்கையாளர்களுக்குத்தான் அந்த வசதியை இன்னும் யாரும் வைக்கவில்லை.