வாசலைப் பார்த்து வைத்த துப்பாக்கி

வெடிமருந்தின் கந்தக நாற்றமும் அரைத்த சந்தனத்தின் மணமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும், கோயிலில் யாராவது சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் முதலில் என் மூக்குக்கு வருவது அந்தக் கந்தகம்தான். முருகா என்று சொல்லிக்கொண்டு வாங்கிப் பூசிக்கொள்வேன். சாமி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்கிருக்கிற கோபமெல்லாம் மனுஷர்கள் மேல். அதிலும் முக்கியமாக, செத்துப்போன ஒரு மனுஷர் மேல்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. கடலைக்காட்டில் காய் பிடிக்கும் சமயத்தில் கரட்டுக் குன்றிலிருந்து பன்றிகள் இறங்கிவந்து கொடியோடு புரட்டிப் போட்டுவிடும் என்பதால், அப்பா லைசென்ஸ் வாங்கி ஒற்றைக் குழாய் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை அது. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து, ஈய ரவையைப் போட்டு, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். அதற்குக் ‘கெட்டிக்கிறது’ என்று பேர். பின்பக்கத்து முளையில் சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத ஒரு செம்புக் ‘கேப்பு’ மாட்டிவிட்டு விசையை இழுத்தால், ‘குதிரை’ என்கிற சுத்தி வந்து கேப்பின் மேல் அடிக்கும், மருந்து பற்றிக்கொள்ளும். கெட்டித்ததைத் திரும்ப வெளியே எடுப்பது பெரும்பாடு, சுட்டால்தான் காலியாகும். பன்றி வராத நாளில் அப்பா அதை அப்படியே கொண்டுவந்து சுவரில் மாட்டிவிடுவார்.

இதனால் எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. அம்மாவுடைய அண்ணன், என் மாமன், மேட்டூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தார். வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

“கெட்டிச்சு வெச்சிருந்தா அது கெட்டிச்ச துப்பாக்கிதானுங்க மாப்ள. எங்க கம்பெனில காலி டிரம்மக்கூட ரொம்பின டிரம்மாட்டத்தான் தொடோணும்.”

“நீங்க டிரம்மு உருட்டறவுங்க மச்சான், உங்களுக்குப் பாக்கறதெல்லாம் டிரம்மாத்தான் தெரியும். கேப்பு மாட்டலீன்னா அதுவும் உலக்கையும் ஒண்ணுதானுங்க. அதுல மாவிடிக்கலாம், வேற ஒண்ணும் ஆவாது.”

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், எழுபதுகளின் கடைசி. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் காட்டிலிருந்து வந்த அப்பா, கேப்பு மாட்டியிருந்தபடியே குதிரையை மெதுவாக அதன் மேல் இறக்கி விட்டுத் துப்பாக்கியை மாட்டினார். சுத்தியின் அடியில் செம்பு மினுங்கியதை நான் பார்த்தேன்.

பூஜையன்று சாமி ரூமில் மண்வெட்டி, அரிவாள், மோட்டார் ஸ்பேனர், என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கினோம். வள்ளம் நிறைய நெல், சொம்பு நிறையத் தண்ணீர். சாமி முன்னால் வெறும் பாத்திரம் ஆகாது என்பது எங்கள் வழக்கம். துப்பாக்கியைத் தூக்கிவந்த அப்பாவிடம் அம்மா, “ஏனுங்க, காட்டுப்பக்கம் போயி ஒருக்காச் சுட்டுப்போட்டுக் கொண்டாந்து வெய்யுங்க” என்று கெஞ்சினார்.

“எல்லாம் நெறைஞ்சிருக்கறப்ப இது மட்டும் வெறுங்குழாயா இருக்கோணுமா?” என்றார் அப்பா.

“சரி, செவுத்துப் பக்கமாச்சும் திருப்பி வெய்யுங்க.”

“செவுத்துல யாரு இருக்கறாங்கன்னு பாரு. முருகன் படத்துக்கு நேரா நீட்டச் சொல்றியா? புத்தி கித்தி இருக்குதா உனக்கு?”

குழாயின் வாயை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். சட்டம் போட்ட படத்தை நோக்கி நீட்டினால் பாவமாம். பொங்கலும் சுண்டலும் பூவும் தூக்கிக்கொண்டு அந்த வாசல் வழியாக நூறு தடவை வந்துபோகிற ஒரு பொம்பளையை நோக்கி நீட்டினால் பாவமில்லையாம். அப்புறம் அப்பாவே கை நிறையச் சந்தனம் எடுத்துக் குதிரையின் மேலும் அடியிலும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கேப்பு இருக்கிறதா இல்லையா என்று இனி யாரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மத்தியானம் மாமன் வந்து, “கேப்ப எடுத்துட்டீங்களா மாப்ள?” என்று கேட்டார்.

“அதெல்லாம் அன்னைக்கே எடுத்தாச்சுங்க.”

“இல்லீங்கப்பா, செம்பு தெரிஞ்சுதுங்க” என்றேன் நான்.

“பெரியவிய பேசறப்ப உனக்கென்ன வாயி? போயிச் சுண்டல் தின்னு.”

“எதுக்கும் ஒருக்காத் தொட்டுப் பாத்தர்லாமுங்க” என்றார் மாமன்.

“பூசைல வெச்சதத் தொடக் கூடாதுங்க மச்சான். நாளைக்கு மறுபூசை முடிஞ்சதும் உங்க கண்ணு முன்னாலயே எடுத்துக் காட்றேன். அப்பறம் இந்தப் பேச்சே பேசக் கூடாது.”

மறுநாள் வரைக்கும் அது அந்த வாசலைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தது. அம்மா ஒவ்வொரு தடவையும் வாசல் நிலையை ஒட்டி ஒருக்களித்து நுழைந்து, சுவரோரமாகவே நகர்ந்து போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். அதைப் பார்த்த என் அத்தை, அப்பாவின் தங்கை, விழுந்து விழுந்து சிரித்தார். “ஏனுங்க நங்கையா, சாமி ரூமுக்குள்ள நண்டாட்டம் போறீங்க?” அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடித்ததும் அப்பா துப்பாக்கியை எடுத்தார். மாமனும் நானும் அவருக்குப் பின்னால் நின்றிருந்தோம். “நல்லாப் பாத்துக்குங்க மச்சான். கேப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல” என்று சொல்லிக் குதிரையை இழுத்து நிறுத்தினார். மாமன், “மேல தூக்குங்க மாப்ள, மேல தூக்குங்க” என்று கத்திக்கொண்டே பாய்ந்தார். அப்போது பார்த்து அம்மா உள்ளே வந்தார். இரண்டு கையிலும் கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரைப் பொங்கல் உருளி. அத்தனை பெரிய உருளியோடு ஒருக்களித்து வர முடியாது, நேராகத்தான் வந்தார். அதற்குள் அப்பா விசையை இழுத்துவிட்டார்.

சத்தத்தை நான் கேட்டதாகவே நினைவில்லை. ரூம் முழுக்க வெள்ளைப் புகை. அது அடங்கியபோது அம்மா வாசற்படியில் கிடந்தார். வலது முழங்கால் இருந்த இடத்தில் ரத்தமும் பொங்கலும். பலகைக்குப் பக்கத்தில் கிழிந்துபோன செம்புத் துண்டு ஒன்று கிடந்தது. நான் எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்துக் காட்டுக்காரர் லாரியில் மாமன் அம்மாவைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். லாரி தெரு முக்குத் திரும்புவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார். “கேப்பே இல்லாத துப்பாக்கி எப்பிடி வெடிக்கும்? நங்கையாளுக்கு மூணு நாளு முடிஞ்சுதோ இல்லியோ, தீட்டோட உள்ள வந்திருப்பாங்க. சாமி பொறுக்குமா?” அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் கேப்பு இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து கேட்டபோது நான் கட்டில் ஓரத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா, “நாந்தானுங்க கூட்டறப்பத் தட்டி உட்டுட்டேன். எங்க ஊட்டுக்காரரு காட்டுக்குப் போயிருந்தாங்க. முருகன் மேல சத்தியமுங்க” என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் காகிதத்தில் அம்மாவின் கவனக்குறைவு, ஊர் வாயில் அம்மாவின் தீட்டு. சுட்டவர் பேர் எங்குமே இல்லை. மாமன் மட்டும் அந்த வீட்டில் அதற்கப்புறம் கை நனைக்கவில்லை.

அம்மா கால் விந்தியபடியே எழுந்து நடமாடினார், சமைத்தார், என்னைக் கட்டிக்கொடுத்தார். சாமி ரூம் வாசற்படியை மட்டும் தாண்டவே இல்லை. வெளியே நின்று கும்பிடுவார், யாராவது திருநீறு கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அத்தை சொன்னதை அவரும் நம்பிவிட்டார் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அப்பா போனபிறகு அம்மாவைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். இங்கேயும் பூஜை ரூமுக்கு வெளியிலேயே நின்றார். ஒரு கிருத்திகையன்று எனக்குப் பொறுக்கவில்லை.

“உள்ள வாங்கம்மா. எழுபது வயசுக்கு மேல என்ன தீட்டு? அது கேப்புதாம்மா, நான் கையில எடுத்தேன்.”

“தீட்டுன்னு யாரு கண்ணு சொன்னா? கேப்புன்னு எனக்கும் தெரியும். செம்பு தெரிஞ்சுதுன்னு அன்னைக்கு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்.”

“அப்பறம் ஏம்மா?”

“முருகன் பேரச் சொல்லிப் பொய்ச் சத்தியம் பண்ணுனேன்ல கண்ணு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வாரது?”

“அப்பா பண்ணச் சொன்னாரா?”

“சொல்லல. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு என்னையப் பாத்தாரு.”

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் அந்த வீட்டை இடித்துத் தறிக்கொட்டகை போட்டுவிட்டார்கள். கடலைக்காடு வீட்டுமனை ஆயிற்று. துப்பாக்கியை அந்த வருஷமே தாலுக்காவில் ஒப்படைத்தாயிற்று. கேப்பை அப்பா எங்கே எறிந்தாரோ, தெரியாது. கல்யாண வீடுகளில் அத்தை மக்கள் இன்னும் அதைச் சாமி குத்தம் என்று பேசுகிறார்கள். போன மாதம் ஒருவர் என்னிடமே ஆரம்பித்தார். எங்கள் அப்பாவைப் போல ஒரு பக்திமானைப் பார்க்க முடியாது என்றார். உண்மைதான். கடைசி நாள் வரைக்கும் காலையும் மாலையும் அவர்தான் அந்த ரூமுக்குள் போய் மணியடித்துப் பூஜை செய்தார். வெளியே நின்ற அம்மாவின் கையில் திருநீறு போட்டதும் அவர்தான்.