மல்லி வறுத்த சனிக்கிழமை

போன கிழமை வரை என் மேசை லாச்சியில் நான்கு விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர்த் துண்டு கிடந்தது. இரு நுனியிலும் தோலுரித்து, கொக்கிபோல் வளைத்திருந்த துண்டு. பேனா தேடினாலும் பாஸ்போர்ட் தேடினாலும் முதலில் அதுதான் கையில் தட்டுப்படும். வீடு மாறியபோது இரண்டு தரம் குப்பையில் போட்டேன். இரண்டு தரமும் திரும்பப் போய்க் கிளறி எடுத்து வந்தேன். என் மனைவி அது எதற்கு என்று கேட்டபோது, ஒருநாள் உதவும் என்று சொல்லித் தப்பினேன்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டியவர். வாசலில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நிற்கச் சொன்னாலும் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி பேசாமல் நிற்பார். நான் பேக்கரியில் இரண்டு பேருக்குப் பின்னால் நிற்கவே அந்தரப்படுகிறவன். அப்போது நான் பண்டகசாலையொன்றில் பெட்டிகளை நகர்த்தும் பெல்ட்டுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட் நின்றால் மேற்பார்வையாளர் பிடரியில் வந்து நிற்பார். எந்தச் சென்சர் நிறுத்தியதோ அதன் இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து, அதைத் தாண்டிப் பெல்ட்டை ஓடவிடுவோம், காரணத்தைப் பிறகு ஆறுதலாகத் தேடலாம் என்று. அந்த ஆறுதல் ஒருநாளும் வராது. அந்தப் புத்தி வேலை முடிந்து வீட்டுக்கும் என்னோடு வந்தது.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் அவர்களுடைய வீட்டின் நிலவறையில்தான் நான் குடியிருந்தேன். அங்கே கராஜுக்குள் கார் நின்று நான் கண்டதில்லை. அது அக்காவின் இரண்டாவது குசினி. மீன் பொரிப்பதும் தூளுக்கு வறுப்பதும் அங்கேதான். வீட்டுக்குள் வறுத்தால் பிள்ளைகளின் ஜக்கெற்றுகள் மணக்கும், அவர்கள் பள்ளிக்கூடம் போக மாட்டோம் என்று நிற்பார்கள். மூலையில் கூரையோடு காஸ் ஹீற்றர் தொங்கியது. புகையை வெளியே இழுக்க அத்தான் சுவரில் பெரிய விசிறி ஒன்று பூட்டியிருந்தார். எதிர்ச் சுவரின் அடியில், ஹீற்றருக்குக் காற்று வரவென்று கம்பிவலை போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதால் வந்த குளிர் காலைக் கடிக்கிறது என்று அக்கா அத்தான் உடுத்துக் கிழிந்த பழைய சாரத்தைச் சுருட்டி அதற்குள் அடைத்துவிட்டாள். எங்களுடைய ஆட்களில் குளிர் வருகிற ஓட்டையைக் கண்டு சும்மா விட்டவர் யார்? நானும் பார்த்தேன், நல்ல வேலை என்றுதான் நினைத்தேன்.

அந்த ஜனவரியில் ஹீற்றர் குழப்படி செய்யத் தொடங்கியது. பற்றும், பத்து நிமிடம் எரியும், நின்றுவிடும். பிறகு சிவப்பு லைற் ஒன்று விட்டுவிட்டு மின்னும். அக்கா விசிறியைப் போட்டுச் சமைக்கிற நாட்களில்தான் அப்படி நின்றது என்பது எங்கள் ஒருவர் புத்தியிலும் ஏறவில்லை. நான் ஏணியில் ஏறி, லைற் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணி, ஹீற்றர் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தாளோடு ஒப்பிட்டேன். புகை வெளியே போகாமல் திரும்பி வந்தால் நெருப்பை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று இருக்கிறதாம், அதுதான் நிறுத்துகிறதாம். வெளியே போய்ப் புகைக்குழாயைப் பார்த்தேன். பனியும் இல்லை, குருவிக்கூடும் இல்லை. அப்படியானால் சுவிட்ச்தான் பழுது என்று தீர்ப்புச் சொன்னேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தான் மேலே பார்த்துச் சொன்னார்:

"தம்பி, அது நிக்குது எண்டால் சும்மா நிக்காது. திங்கக்கிழமை ஆளைக் கூப்பிடுவம்."

அன்று வெள்ளிக்கிழமை. பங்குத் திருவிழாச் சமையலுக்கு மிளகாயும் மல்லியும் மூட்டையாக வந்து கிடந்தன. திங்கள் வரை யார் காத்திருப்பது? சனி காலை அத்தான் வேலைக்குப் போனதும் நான் சிவப்பு வயரால் அந்தச் சுவிட்சைத் தாண்டிவிட்டேன். ஹீற்றர் நிற்காமல் எரிந்தது. அக்கா கையை நெருப்புக்கு நேரே பிடித்து, நீதானடா மெக்கானிக் என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முற்பகல் முழுவதும் மிளகாய் வறுத்தாள். மத்தியானம் வீட்டுக்குள் வந்து தலையிடிக்குது, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருமாப்போல் இருக்குது என்றாள். கண் சிவந்திருந்தது. மிளகாய் வறுத்த எவருக்குத்தான் கண் சிவக்காது? தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் படுங்கோ என்று நானே சொன்னேன். அவள் படுக்கவில்லை, மல்லி கிடக்கிறது என்று திரும்பிப் போனாள்.

மூன்று மணிக்கு அத்தான் வந்தார். நான் தேத்தண்ணியோடு குசினியில் நின்றேன். அக்கா எங்கே என்று கேட்டார். தூள் வறுக்கிறா, மிளகாய்ப் புகை தலைக்கு ஏறிப்போச்சு என்றேன். கராஜ் பக்கத்துக் கதவைத் திறந்தவர் ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். மூக்கு எரியவில்லை, தும்மல் வரவில்லை, மல்லி மணம் மட்டும்தான். "மல்லி வறுத்தால் ஆருக்கடா தலையிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே பாய்ந்தார். அக்கா அகப்பை கையிலிருக்க நிலத்தில் சரிந்திருந்தாள். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக அசைந்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். பெரிய கதவைத் தூக்கி, அவளை இழுத்துப் போய்ப் பனிக்குள் கிடத்தினார். அவளுடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வெறுங்காலோடு பனியில் நின்று அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன்.

அக்கா தப்பினாள். அம்புலன்ஸ் அவளை ஏற்றிப் போனபிறகு, தீயணைப்புக்காரரின் நச்சுப் புகை அளக்கும் கருவி கராஜ் வாசலிலேயே கீச்சிட்டது. காற்று வரும் ஓட்டையை அடைத்துவிட்டு விசிறியைப் போட்டதால், அது குழாயால் போகவேண்டிய நச்சுப் புகையைத் திருப்பி உள்ளே இழுத்திருக்கிறது. சுவிட்ச் அதைத்தான் நாட்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரர் ஏணியில் ஏறி அந்த வயரைக் கழற்றி, இது யாருடைய வேலை என்று பிரெஞ்சில் கேட்டார். நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அத்தான் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் "சே முவா" என்றார். நான்தான் என்று. அவர்கள் மேசையில் போட்டுவிட்டுப் போன வயரை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், உண்மையை அக்காவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"என்னோடை கோவிச்சால் பின்னேரம் தேத்தண்ணி தருவாள். உன்னோடை கோவிச்சால் அவளுக்கு வேறை ஆர் இருக்கினம்? பேந்து பாப்பம்."

அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவே இல்லை. அக்கா அந்தக் கதையைக் கலியாண வீட்டிலும் கோயில் வாசலிலும் சொன்னாள். என்னைக் கொல்லப் பார்த்த மனிசன் என்று அவள் கைநீட்ட, சனம் சிரிக்கும், அத்தானும் சேர்ந்து சிரிப்பார். நான் சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவேன். மாரடைப்பில் அவர் போய் முப்பத்தோராம் நாள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா திரும்பவும் சொன்னாள்: "என்னைக் கொல்லப் பாத்த மனிசன், தான் முந்திப் போட்டார்." அன்றைக்கும் நான் வெளியேதான் போனேன். என்னைப்போல் ஒரு கோழையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

போன கிழமை அதே ஹீற்றர் நின்றுவிட்டது. அக்கா போன் எடுத்தாள். லாச்சியிலிருந்து வயரை எடுத்துக்கொண்டு போனேன். ஏணியை விரிக்கவில்லை. காற்று ஓட்டை திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், காஸை மூடினேன், பழுது பார்க்கிறவருக்குப் போன் அடித்தேன். இரண்டு மணித்தியாலத்தில் வருவதாகச் சொன்னார். அக்காவும் நானும் கராஜ் குளிருக்குள் காத்திருந்தோம். நான் கதவுக்கும் மேசைக்குமாக நடந்தேன். என்னடா ஒரு இடத்தில் இரன் என்றாள். வயரை எடுத்து அவள் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

என்னைப் பேசுவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆணியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அத்தானின் வேலை ஜக்கெற்றைப் பார்த்தாள்.

"அவர் இருக்கேக்கை சொல்லியிருந்தால், ஒருக்கால் எண்டாலும் நான் வாயை மூடியிருப்பனே."

இத்தனை வருடம் என் பயத்தை மட்டும்தான் நினைத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டது அவளையும் சேர்த்துத்தான் குற்றவாளியாக்கியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அக்கா வயரின் இரண்டு கொக்கிகளையும் நகத்தால் நிமிர்த்தினாள். எழுந்து போய் அதை ஜக்கெற் பொக்கற்றுக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். வெளியே பழுது பார்க்கிறவரின் வான் வந்து நின்ற சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.

இப்போது லாச்சியைத் திறந்தால் பேனா உடனே கிடைக்கிறது. என்றாலும் கை கொஞ்ச நேரம் உள்ளே துழாவிக்கொண்டுதான் இருக்கிறது.