குளத்துத் தண்ணி எங்கே போகுது?

நீச்சல் குளம் பார்க்கிற சோலியில ஒரு விசேஷம் உண்டு: தண்ணி ஒருநாளும் சத்தம் போட்டுட்டுப் போகாது, அது போனதுக்கப்புறம் வீட்டுக்காரங்கதான் சத்தம் போடுவாங்க. குழாய் சொட்டுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூக்கம் வராமப் புரளுறீங்களே, நீங்கெல்லாம் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

எங்க அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து கொடைக்கானலுக்கு வந்தவங்க. கொழுந்து பறிச்ச குடும்பத்துல குளம் கழுவப் போன முதல் ஆள் நான். பேரு மல்லிகா. ஒரு ஓட்டல்ல தரை துடைக்கப் போய், அப்படியே குளத்தையும் துடைச்சு, மோட்டார், பில்டர் எல்லாம் கத்துக்கிட்டேன். இப்போ மலை மேலயும் கீழே பழனியிலயும் வீட்டுக் குளங்களைப் பார்த்துக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதைக் கேட்டுச் சிரிக்கிறவங்க, பல் டாக்டருக்கு எல்லாப் பல்லும் இருக்கான்னு பார்த்துட்டா வாயைத் திறக்கிறாங்க?

நிறைகுடம்

பழனியில ஒரு பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டுக் கொல்லையில குளம். தண்ணி குறையுது. வெயிலா, கசிவான்னு சந்தேகம். அதுக்கு எங்ககிட்ட ஒரு வாளி வைத்தியம் இருக்கு. குளத்துப் படியில வாளியை வச்சு, உள்ளேயும் வெளியேயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கிற மாதிரி நிரப்பி, ரெண்டு பக்கமும் கோடு போடணும். மறுநாள் ரெண்டும் ஒண்ணா இறங்கியிருந்தா வெயில் குடிச்சிருக்கு. குளம் மட்டும் கூடுதலா இறங்கியிருந்தா எங்கேயோ ஒழுகுது. இவ்வளவுதான் சூட்சுமம். கோடு போட்டு வச்சுட்டு, யாரும் குளிக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாள் போறேன், வாளி விளிம்பு வரைக்கும் தளும்புது. கழுத்தைச் சுத்தி மல்லிகைப்பூ. நான் போட்ட கோட்டு மேல மூணு பட்டை விபூதி, நடுவுல குங்குமம். முன்னாடி ஒரு வாழைப்பழம் வேற. தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா அந்த வீட்டம்மா முகத்துல இருந்த திருப்தியைப் பார்த்ததும் எனக்குத் திட்ட வாய் வரலை. நான் ஏதோ சாங்கியம் பண்ணி வச்சுட்டுப் போயிருக்கேன்னு நினைச்சிருக்காங்க. வாளியை ஆசையா பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "தண்ணி நெறைச்சு வச்சதைக் குறைய விடலாமாம்மா? நான்தான் அப்பப்போ ஊத்தி வச்சேன்."

வெந்நீருக்கு வந்த விருந்தாளி

செண்பகனூர்ல தேவசகாயம் சார் வீடு. சார் பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் மனைவி லில்லி டீச்சருக்குப் பக்கவாதம் வந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழ மரத்துப் போச்சு. ஊசியால குத்தினாலும் தெரியாது. தரையில சக்கர நாற்காலிதான். ஆனா நெஞ்சளவு தண்ணியில இறக்கிவிட்டா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடந்துருவாங்க. அதுக்காகவே சார் தோட்டத்துல சின்னதா ஒரு வெந்நீர்க் குளம் கட்டி வச்சிருக்கார். தினமும் காலையில டீச்சர் அதுல நடந்து முடிச்சாத்தான் அந்த வீட்டுல அடுத்த வேலை நடக்கும்.

ஒருநாள் மட்டம் கொஞ்சம் இறங்கின மாதிரி தெரிஞ்சுது. வழக்கம்போல வாளி வச்சுட்டு வந்தேன். மறுநாள் பார்த்தா வாளி கரைக்கு இழுபட்டு, கவுந்து நசுங்கிக் கெடக்கு. புல்லுல பெரிய பெரிய குளம்புத் தடம், பக்கத்துல சாணி. காட்டுமாடு! எங்க ஊர்ல காட்டுமாடு ரோட்டுல நடக்கிறதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஆனா என் வாளியை மிதிச்சது எனக்குப் பொறுக்கலை. குளத்து மூடியைப் போட்டு இறுக்கிக் கட்டுங்க சார், நாளைக்குக் குளத்துக்குள்ளேயே இறங்கிரும்னு கத்தினேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பனியைப் பார்த்துக்கிட்டே நின்னார். "இந்தக் குளிர்ல அதுக்கு மட்டும் வெந்நீர் யாரு போட்டுக் குடுப்பா மல்லிகா?"

கோட்டைத் தாண்டாத தண்ணி

அதுக்கப்புறம் அந்தக் குளத்துல தண்ணி குறையவே இல்லை. எப்பப் போனாலும் ஓரத்து நீல டைல்ஸ் வரிசைக்குச் சரியா நடுவுல நிக்குது. அதுதான் எனக்குப் பிடிக்கலை. கொடைக்கானல்ல வெந்நீர்க் குளம்னா ராத்திரியெல்லாம் ஆவியாப் போகும், மழை பெஞ்சா ஏறும். ஏறாம இறங்காம ஒரே கோட்டுல நிக்கிற குளத்தை நான் பார்த்ததில்லை. கையை விட்டுப் பார்த்தா சூடும் வழக்கத்தை விடக் கம்மி. குளோரின் போட்டா நிக்க மாட்டேங்குது. குளத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு இடத்துல மட்டும் புல்லு பச்சைப்பசேல்னு கெடக்கு, கால் வச்சா சளக்குங்குது.

சொல்லாம ஒருநாள் வெள்ளனே போய் நின்னேன். சார் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமா ரப்பர் டியூப்ல குளத்துக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருக்கார். என்னைப் பார்த்ததும் டியூபை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சார். பேண்ட் பூரா நனைஞ்சுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சு முடிச்சதும் கோபம் வந்துச்சு. கசிவைத் தெரிஞ்சே மூடி மறைச்சா, கீழே மண்ணு கரைஞ்சு தரையே உட்கார்ந்துரும், அப்புறம் குளமே இருக்காதுன்னு வஞ்சேன்.

சார் டியூபைக் கீழே போட்டுட்டு விஷயத்தைச் சொன்னார். முன்னாடி ஒருதடவை டைல்ஸ் மாத்தத் தண்ணியை இறக்கினாங்களாம். மழை பிடிச்சுக்கிச்சு, வேலை இழுத்துக்கிட்டே போச்சு. நடக்க வழியில்லாம டீச்சர் கட்டில்லயே கெடந்து, சாப்பாடு குறைஞ்சு, பேச்சு குறைஞ்சு, கடைசியில சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்களாம். அவங்களைத் திரும்பத் தண்ணிக்குக் கொண்டுவர அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இப்போ கசிவுன்னு சொன்னா எந்த மேஸ்திரியும் முதல்ல தண்ணியை இறக்குன்னுதான் சொல்லுவார். டீச்சர் ரூம் ஜன்னலைப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னொரு தடவை தண்ணியை இறக்கினா, அவ எந்திரிக்க மாட்டா மல்லிகா."

சொட்டு நீலம்

தண்ணியை இறக்காம அடைக்கவும் வழி இருக்கு. தண்ணிக்குள்ளேயே பூசுற பசை கிடைக்குது. ஆனா ஓட்டை எங்கேன்னு தெரியணுமே? மோட்டாரை நிறுத்திட்டு, வெள்ளைத் துணிக்குப் போடுற சொட்டு நீலத்தை ஊசி போடுற சிரிஞ்சுல எடுத்துக்கிட்டு நானே இறங்கினேன். சந்தேகப்படுற இடத்துல ஒரு சொட்டு விடணும். கசிவு இருந்தா நீலம் அந்தப் பக்கமா இழுபட்டுப் போகும். விளக்கு ஓரம், குழாய் வாய், மூலை முடுக்கு எல்லாம் பார்த்துட்டேன். நீலம் சும்மா கலைஞ்சு போச்சே தவிர எங்கேயும் இழுக்கலை. டீச்சர் அவங்க பாட்டுக்குக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடந்துக்கிட்டிருந்தாங்க. குளத்தைச் சுத்தம் பண்றதா சார் சொல்லி வச்சிருந்தார்.

சார் டீ போட உள்ளே போனதும், டீச்சர் என் பக்கத்துல வந்து, நீ ஓட்டையைத்தானே தேடறேன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தினமும் டியூப் சத்தம் ஜன்னல் வழியா கேட்குமாம். அவர் மறைக்கிறாரேன்னு இவங்களும் தெரியாத மாதிரி இருந்திருக்காங்க. நல்ல ஜோடி போங்க! கடைசிப் படிக்குக் கீழே நிக்கும்போது காலை ஏதோ மெதுவா இழுக்கிற மாதிரி இருக்கு, அங்கே பாருன்னாங்க. போய் நீலத்தை விட்டேன். நூலாட்டம் நீண்டு, டைல்ஸ் இடுக்குக்குள்ள வெரசா போயே போயிருச்சு.

நான் போட்ட கூச்சல்ல சார் டீ டம்ளரோட ஓடி வந்தார். தண்ணியை இறக்கவே வேண்டாம் சார், டீச்சர் கால்தான் கண்டுபிடிச்சுச்சுன்னேன். அவர் சிரிக்கலை. டம்ளரைக் கீழே வச்சுட்டு, எந்தக் கால்னு கேட்டார். டீச்சர் சொல்ல வாயைத் திறந்தவங்க, குனிஞ்சு தண்ணிக்குள்ள பார்த்தாங்க. அப்புறம் இடதுன்னாங்க. எங்க மூணு பேருக்கும் அப்பத்தான் உறைச்சுது. சார் போட்டிருந்த ஸ்வெட்டரோட குளத்துல இறங்கிட்டார். டீச்சரைப் படியில உட்கார வச்சு, அந்தப் பாதத்தை எடுத்துத் தன் மடியில வச்சு, இது தெரியுதா, இது தெரியுதான்னு ஒவ்வொரு விரலாத் தொட்டார். டீச்சர் இல்லைன்னு தலையாட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டேன். அவர் விடலை, உள்ளங்காலைத் தேய்ச்சுக்கிட்டே சுண்டுவிரலுக்கு வந்தார். "ஐயோ, கூசுதுங்க, விடுங்க."

எத்தனையோ குளத்துல ஓட்டை அடைச்சிருக்கேன், நல்லவேளை ஒழுகுச்சுன்னு மனசாரச் சொல்லிக்கிட்டே அடைச்சது அந்த ஒண்ணைத்தான்.