ஜெம்பே கையேட்டில் விட்டுப்போன பத்தி

‘ஆரம்ப மாணவர்க்கான ஆப்பிரிக்கக் கைமுரசுக் கையேடு, தென்காசி, ஜூலை 1984’ என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. சைக்ளோஸ்டைல் பிரதி, ஓரங்களில் மை பரவி எழுத்து கலங்கிவிட்டது. எழுதியவர் என் அக்காவின் கணவர். எழுதியவர் என்பது மரியாதைக்கு. ஓர் ஆங்கிலச் சிறுநூலை வரிக்கு வரி தமிழாக்கியிருந்தார், ஒரு பத்தியைத் தவிர. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அத்தான் நைஜீரியாவில் சில வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தார். அங்கிருந்து திரும்பிய எல்லோரும் டேப்ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். அத்தான் கூடுதலாக ஒரு ஜெம்பே கொண்டுவந்தார். கோப்பை வடிவ மரத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, வெறுங்கையால் அடிக்கிற முரசு. அது மாலி, கினி பக்கத்து வாத்தியம் என்று படித்துவிட்டு வந்து சொன்னேன். எல்லாம் ஒரே ஆப்பிரிக்காதான் என்றார். அங்கே இருந்தவரை அவர் எந்த முரசையும் தொட்டதில்லை என்பது அக்கா சொன்ன தகவல்.

போவதற்கு முன் இங்கே பார்த்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் முதலாளி, சீசன் விழா மேடையில் நிகழ்ச்சி எடுபட்டால் மாடி ஹாலை வருடம் முழுக்க வகுப்புக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அத்தானுடைய பிழைப்பு அந்த ஹாலில்தான் இருந்தது.

எங்கள் தெருவிலேயே சிலர் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். பறையடிக்கிறவர் தெருவுக்குள் வந்தால் வாசலிலேயே நிறுத்துகிற வீடுகள். வெளிநாட்டுத் தோல் என்றதும் கூடத்தில் பாய் விரித்தார்கள். ஜெம்பே ஒன்றுதான் என்பதால் மற்றவர்கள் கவிழ்த்த வாளியில் பழகினார்கள். பாடத்துக்கு ஒரு கேசட். அதில் மூன்று பேர் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் அடுத்தவர் அடி விழும். ஆங்கில நூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது, அவருடைய கையேடும் சொல்கிறது. அத்தானோ, காதில் விழுகிற அத்தனை அடியையும் ஒவ்வொருவரும் அடிக்கவேண்டும் என்றார். அவர்களும் அடித்தார்கள். கையேட்டில் உள்ள கைப்படம் அவர் தன் கையையே தாளில் வைத்து வரைந்தது, மோதிரம் உட்பட. மோதிரத்தைக் கழற்றிவிட்டு அடிக்கவும் என்ற அறிவுரை அதே பக்கத்தில் இருக்கிறது.

விட்டுப்போன பத்திக்கு வருகிறேன். ஈரக்காற்றில் தோல் தளரும், தணலருகே காட்டினால் மீண்டும் விறைக்கும் என்பதுதான் அது. சாரலுக்குப் பேர்போன ஊரில் முரசு கற்பவனுக்கு அந்த நூலில் உருப்படியான பத்தி அது ஒன்றுதான்.

விழாவன்று காலையிலிருந்தே சாரல். மேடைக்குப் பின்னால் அத்தான் தோலைத் தட்டிப் பார்த்தார். நனைந்த தலையணையைத் தட்டிய மாதிரி இருந்தது. பத்தடி தள்ளி, ஊர்வலத்துக்கு வந்த பறைக்காரர்கள் ஓலையைக் கொளுத்தித் தோல் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒருவர் சற்று ஒதுங்கி இடமும் விட்டார்.

“அத்தான், அங்கன தீ இருக்கு. கொஞ்ச நேரம் காட்டினா போதும். இங்கிலீஷ் புஸ்தகத்துலயே போட்டிருக்கு” என்றேன்.

“போட்டிருந்தா? அவனுவ தீயில போயி நான் குத்தவச்சு உக்காரவா? ஊரே பாக்குது.”

“தோலு காயணும்லா அத்தான்.”

“மாப்ளே, இது ஆப்பிரிக்கா வாத்தியம். எழவு வீட்டுக் கொட்டு இல்ல.”

சொல்லிவிட்டு அங்கவஸ்திரத்தால் முரசைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். வாளிக்காரர்களும் பின்னால் ஏறினார்கள்.

வாளிச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. அத்தான் குனிந்து குனிந்து அடித்தார், ஒன்றும் எழவில்லை. முன்வரிசையில், அருவியில் குளித்து ஈரத்துண்டோடு வந்தவர்களில் ஒருவன், “ஏலே, அண்ணாச்சி முரசுக்கு எண்ணெய் தேய்க்காருலே” என்றான். பக்கத்திலிருந்தவன், “குளிப்பாட்டி முடிச்சிட்டுக் கூப்பிடச் சொல்லு, வருவோம்” என்றான். அடுத்து பறை இறங்கியது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் தெருக்காரர்களும் திரும்பினார்கள். தூர நின்று கேட்பதற்கு அவர்களுக்கு ஆட்சேபம் கிடையாது.

அடுத்த வாரம் லாட்ஜ் முதலாளி மாடி ஹாலில் கட்டில்களை வரிசையாகப் போட்டுவிட்டார். சீசன் கூட்டம் அதிகம் என்று காரணம் சொன்னாராம். அத்தான் வீட்டிலேயே கணக்கு டியூஷன் ஆரம்பித்தார். கணக்கு அவருக்கு நன்றாக வரும்.

பின்னாளில் பேச்சு வந்தபோதெல்லாம் அத்தான் சொன்னது ஒன்றே: அந்தப் பத்தியை அவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார், தென்காசியில் ஸ்டென்சில் அடித்த பெண்தான் தவறவிட்டுவிட்டாள். நான் நம்பவில்லை. ஆனால் அவருடைய கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. அந்த டைப்ரைட்டிங் நிலையமும் இப்போது இல்லை. அந்தப் பெண் திருமணமாகிக் கீழப்பாவூர் போனதாக ஒருவரும், மதுரை போனதாக இன்னொருவரும் சொன்னார்கள். பத்தியை விட்டது யார் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.