கருமாதிப் பந்தியில் அடோபோ

அப்பாவின் கருமாதிக்கு முந்தின நாள் விடிந்தபோது, ஆற்றங்கரைக் கொல்லையில் எங்கள் வாழை அத்தனையும் தரையில் கிடந்தது. அப்போதுதான் பூத்தள்ளியிருந்த மரங்கள். எல்லாமே இடுப்பளவில் ஒரே வெட்டு. வெட்டியவன் யாரென்று ஊருக்கே தெரியும், சித்தப்பாவின் மகன். அப்பா கண்ணை மூடியதுமே கொல்லை தங்கள் பங்கு என்று வேலியைப் பிடுங்கியவன் அவன்தான். இடுப்பில் ஆளுங்கட்சிக் கரைவேட்டி இருந்ததால் எங்கள் புகாரைப் போலீஸ் வாங்கவேயில்லை. மத்தியானம் கூடிய பஞ்சாயத்தில் "காத்துல சாஞ்சிருக்கும்" என்று சிரித்தான். "செத்த அண்ணன் மேல சத்தியம், என் பையன் வெட்டல" என்றார் சித்தப்பா. காற்று அரிவாளோடு அடிக்குமா என்ன?

என் தம்பி அரிவாளைத் தீட்ட உட்கார்ந்துவிட்டான். "கருமாதி முடியட்டும். ஒரே வெட்டு" என்றான். வெறும் பேச்சில்லை. அவன் போனால் ஒன்று பிணமாக வருவான், இல்லை ஜெயிலுக்குப் போவான். அவன் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். எனக்குப் பயம்தான். அதைவிட ஆத்திரம். அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு நானே போய்விடலாம் போலிருந்தது.

தம்பி சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டு வந்தவள் அவள், பிலிப்பைன்ஸ்காரி. நேராகக் கொல்லைக்குப் போனாள். கிடந்த மரங்களிலிருந்து பூக்களை அறுத்துச் சாக்கில் கட்டி இழுத்துவந்தாள். "நாளைக்கு அடோபோ" என்றாள். அது அவர்கள் ஊர் வினிகர்ச் சமையல், பன்றிக்கறி சேர்த்துச் செய்வார்களாம். தீட்டு வீடு என்பதால் பூ மட்டும்.

மறுநாள் காலையில் அடுப்பு மூட்டினோம். நாங்கள் என்றால் ஒவ்வொரு பூவாகப் பிரித்து நரம்பு எடுப்போம். அவளோ மேல்மடல்களை உரித்து எறிந்தாள். உள்ளிருந்த வெள்ளைக் குருத்தை நீளநீளமாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்து, கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் பிழிந்தாள். பூண்டையும் மிளகையும் அம்மியில் நசுக்கிப் போட்டாள். கூத்தாநல்லூர் ஃபாரின் கடையில் வாங்கிவைத்திருந்த வினிகரையும் சோயா சாஸையும் ஊற்றினாள். நான் கரண்டியைப் போட்டதும் கையில் ஓர் அடி விழுந்தது.

"கொதிக்கிற வரைக்கும் தொடாதீங்க அக்கா. தொட்டா பச்சை வாடை போவாது."

புகை கண்ணைக் கரித்தது. இறக்கியபோது கரும்பழுப்பாக, நார்நாராக, சாட்சாத் கறி.

வெட்டுக்குத்தே நடந்தாலும் பங்காளி கருமாதிக்கு வராமல் இருக்க முடியாது. எங்களை அழிக்க நினைப்பவனுக்கும் எங்கள் அப்பாவின் தீட்டு உண்டு. அவனும் அதுவரை கவுச்சி தொட்டிருக்கக் கூடாது. வந்தான், பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அடோபோ வாளியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவன் இலையில் இரண்டு கரண்டி கூடவே வைத்தேன்.

ஒரு வாய் மென்றான். முகம் மாறியது. எழுந்து இலையை எட்டி உதைத்தான். சோறு சுவரில் தெறித்தது.

"கருமாதிப் பந்தியில கறியா? பெரியப்பாவுக்கு இதான் மரியாதையா? எல்லாம் அந்த வெளிநாட்டுக்காரி வேலை!"

கத்திக்கொண்டே அடுப்படிக்குப் பாய்ந்து அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். தம்பி வைக்கோல்போருக்கு ஓடினான். அரிவாளை அங்கேதான் செருகிவைத்திருந்தான்.

நான் குறுக்கே விழுந்து, அவள் மயிரைப் பிடித்திருந்த கையைக் கடித்தேன். ரத்தம் வாயில் கரித்தது.

"கறி இல்லடா! நீ வெட்டிப் போட்ட வாழையோட பூவுடா! நல்லாத் தின்னு!"

"ஆமாண்டி, வெட்டுனேன்! என் பங்கு, வெட்டுவேன்!"

தவளை தன் வாயால் கெட்டது. பந்தியில் ஒருவர் கையும் வாய்க்குப் போகவில்லை.

சித்தப்பா எழுந்து அடுப்படிக்கு வந்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷர், அந்த எச்சில் கையாலேயே மகனை அறைந்தார். விழுந்தவனை மிதித்தார். அடுப்பருகே கிடந்த விறகை எடுத்து முதுகில் போட்டார். "அண்ணன் மேல பொய்ச்சத்தியம் பண்ண வச்சிட்டியேடா!" அவன் காது கிழிந்து தொங்கியது. யாரும் தடுக்கவில்லை. நானும்தான். இன்னும் நாலு போடட்டும் என்றிருந்தது, பொய் சொல்வானேன்.

தம்பி அரிவாளோடு வந்து நின்றான். தரையில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்தான். சித்தப்பா விறகை மறுபடி ஓங்கினார். அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து சித்தப்பாவின் கையைப் பிடித்தான்.

"விடுங்க சித்தப்பா, செத்துடப் போறான்!"