திரிந்துபோன சோப்புக் கரைசல்

புது முறைகளைச் செய்துகாட்டும் விவசாய இலாகா டெமான்ஸ்ட்ரேட்டரை வயலுக்குக் கூப்பிடுவார்கள். தரங்கம்பாடிப் பக்கம் வேலை பார்த்தபோது என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே கோவிந்தன் தரையில் உட்கார்ந்திருந்தார். பண்ணையில் மருந்தடிக்கிறவர், கூலி உயர்வு கேட்ட சங்கத்துக்கு ஊரில் அவர்தான் தலைவர். நாற்காலியில் பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதார். அவருடைய நாற்றங்காலில் இலைப்பேன் பூச்சி விழுந்திருந்தது. மண்ணெண்ணெய்-சோப்புக் கரைசல் அடிக்கச் சொன்னது நான். அடித்த மறுநாள் நாற்று முழுக்கக் கருகிவிட்டது.

"கூலி கேட்டுக் கொடி புடிச்சான். குடுக்கலன்னதும் நாத்தக் கருக்கிட்டான். கேஸ் எழுதுங்க சார்" என்றார் மிராசுதார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கேஸ் எழுதினால் கோவிந்தனுக்கு ஜெயில். கூலிப் பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

"நீங்க சொன்னாப்புலதான் கலக்குனேன் சார்" என்றார் கோவிந்தன். "பாலா வரல. திரிஞ்சு போச்சு, எண்ணெ மேல மெதந்துது. நிறுத்திரவான்னு ஐயாவக் கேட்டேன். அடிடான்னாங்க."

"எந்தத் தண்ணியில கலக்குனீங்க?" என்று கேட்டேன்.

கோவிந்தன் வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் நின்ற அவர் மனைவி அஞ்சலை பதில் சொன்னார். தெளிப்பானுக்குத் தண்ணீர் சுமந்தவர் அவர்தான். "எதுல மொள்ள விடுறாங்களோ அதுலதாங்க. உப்புக் குட்டையில."

நாற்றங்காலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் குளம் இருந்தது. கோவிந்தன் தெருக்காரர்கள் அதில் கால் வைக்கக் கூடாது. குட்டையோ மூன்று வயல் தள்ளி. டீக்கடையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வாங்கிவரச் சொன்னேன். கான்ஸ்டபிள் போய்க் குளத்துத் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும், சோப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார்.

சோப்பு மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். போதுமான அளவு சோப்பு கரைந்தால் மூலக்கூறுகள் கூட்டம் கூடும். வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. கலக்கும்போது மண்ணெண்ணெயையும் பொடித்துளிகளாக்கி இப்படியே சுற்றி நிற்கும். அதனால் எண்ணெய் இலையைச் சுடாது. உப்புக் குட்டையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தலைகளைப் பிடித்துக்கொள்ளும். கூட்டம் கூடாது, சோப்பு திரியும், எண்ணெய் தனியே நிற்கும்.

இதைச் சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளரிலும் கலக்கினேன். குளத்துத் தண்ணீர் பாலானது. குட்டைத் தண்ணீரில் வெள்ளைத் திப்பியும் மேலே எண்ணெயும் நின்றன.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் பார்த்தார். "எழுதலாங்க. கொளத்துல யாரு எறங்கக் கூடாதுன்னு யாரு சொன்னாங்கன்னும் சேத்து எழுதணும். அதுக்குத் தனிச் சட்டம் இருக்கு."

மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கோவிந்தனை அன்றே அனுப்பிவிட்டார்கள்.

மறுபடி விட்ட நாற்றிலும் இலைப்பேன் வந்தது. மிராசுதார் என்னிடமே வந்தார். குளத்துத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்றேன்.

"நம்ம வீட்டு ஆள உட்டு மொண்டு வைக்கிறேன்."

"அது சரிப்படாதுங்க. தெளிக்கிறவங்களே மொள்ளணும்."

"அதுக்கு என்னங்க காரணம்?"

"இலாகா சிபாரிசுங்க."

அப்படி ஒரு சிபாரிசு எந்த இலாகாவிலும் கிடையாது.

இப்போது இலாகா வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கரைசல் திரிந்தால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஏன் அங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

மறுபடி மருந்தடித்த அன்று அஞ்சலை குடத்தோடு குளத்தில் இறங்கினார். முதலில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். பிறகுதான் குடத்தை முக்கினார்.