மூச்சுவிட இடமில்லாத ஆல்பம்

இடி டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் ஏழு தெரு தள்ளிப் பால் திரிந்துபோகும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். திரிந்தது பக்கத்து வீட்டுப் பால் மட்டும், அதுவும் முந்தின நாள் பால். ஆனால் இடி என்று எல்லாரும் கூப்பிட்ட அந்தப் பெண்தான் அந்த நால்வர் இசைக்குழுவுக்கு முதுகெலும்பு என்பதில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது.

பகலெல்லாம் சலவை நிலையத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி. சாயங்காலம் அதே கையால் டிரம்ஸ். குழுவின் முதல் ஆல்பத்தில் தன் முகமும் பெயரும் வந்துவிட வேண்டும் என்பதே அவளுடைய ஒரே ஆசை.

ஒலிப்பதிவுக்கு முந்தின வாரம் ஆல்பத்தின் அட்டைப் படத்தைப் பாடகனின் போனில் பார்த்தாள். அவளுடைய டிரம்ஸுக்குப் பின்னால் பாடகனின் மச்சினன் கறுப்புக் கண்ணாடியும் இளிப்புமாக உட்கார்ந்திருந்தான்.

"அவன் பார்க்க லட்சணமா இருக்கான்ல," என்றான் பாடகன். "மேடையிலயும் அவனே உட்காரட்டும். ரெக்கார்டிங்குக்கு மட்டும் நீ அடிச்சுக் குடுத்துடு. அவனுக்கு இன்னும் கை பழகல."

"என் பேரு?"

"நமக்குள்ள என்ன பெரிய பேரு?"

இடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முகத்தில் ஒரு சுருக்கமில்லை. "அதுக்கென்ன, அடிச்சுட்டாப் போச்சு," என்றாள்.

பதிவுக்கூடத்தில் முதலில் டிரம்ஸைத்தான் பதிவார்கள். பாட்டும் மற்ற வாத்தியங்களும் அப்புறம் அதன்மேல் ஏறி உட்காரும். வேகம் மாறாமலிருக்கக் காதில் டிக் டிக் என்று ஒரு சத்தத்தை ஓடவிடுவார்கள். "அது எனக்கெதுக்கு?" என்று அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். ஒலிப்பதிவாளரும் அவள் கையை நம்பி விட்டுவிட்டார். அங்கேதான் வைத்தாள் வேட்டு. ஒவ்வொரு பாட்டையும் நிதானமாகத் தொடங்கி, யாருக்கும் உறைக்காதபடி இம்மி இம்மியாக வேகம் ஏற்றினாள். முடியும்போது குதிரை ஓட்டம். பாடகன் மூச்செடுக்க வேண்டிய சந்து பொந்தையெல்லாம் உருட்டி அடித்து அடைத்தாள்.

பாடகனுக்கு எங்கே தெரியப்போகிறது? ஒரு வரி பாடுவான், வெந்நீர் குடிப்பான், அடுத்த வரி பாடுவான். ஒலிப்பதிவாளர் எல்லாவற்றையும் ஒட்டுப் போடுவார். ஆல்பம் வந்ததும் இளசுகள் பித்துப் பிடித்து ஆடின. மச்சினன் அதைக் கேட்டுக் கேட்டு, அச்சு அசலாக அந்த வேகத்தையே பழகிக்கொண்டான். ஒத்திகையில் பாடகன் தொண்டைக்கு ஓய்வு என்று சொல்லி, பாட்டை வாய்க்குள் முனகியதோடு சரி.

முதல் மேடை நிகழ்ச்சிக்கு இடி நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் சலவை நிலையத்து நீராவிக்கு நடுவே அந்தக் கதைதான். அங்கேயே வேலை பார்க்கும் நாத்தனாரும் பக்கத்தில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது பாட்டுலயே அவனுக்கு முழி பிதுங்குது," என்று இடி எல்லாருக்கும் சொன்னாள். "மச்சினனைத் திரும்பித் திரும்பி முறைக்கிறான். அவன் குனிஞ்ச தலை நிமிரணுமே. அடுத்த பாட்டுல கண்ணு சொருகி, வெட்டுன மரம் மாதிரி சாய்ஞ்சான் பாருங்க. நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு அப்படியே வயிறு குளிர்ந்துபோச்சு."

நாத்தனார் மடிப்பதை நிறுத்தவில்லை.

"சாயவெல்லாம் இல்ல அண்ணி. மூச்சு வாங்கி மேடை ஓரத்துல உட்கார்ந்துட்டான். மைக்கை நம்ம பக்கம் நீட்டினான். மிச்சப் பாட்டெல்லாம் கூட்டந்தான் பாடிச்சு. அதுல எல்லாரையும்விடச் சத்தமாப் பாடினது நீங்கதான்."